மெத்தையான முன்பாய்

சிலுவை: ஏளா அல்போன்சா... தோணிப் பாய்மரத்துல கட்டுற முன்பாயக் காணல. இந்தப் பக்கம் எங்கயும்...

அல்போன்சா: அதுமேலதான் நிக்கிறீய. காலத் தூக்குங்க, மண்ணாவுது.

சிலுவை: இதா? என்னளா இது, ஆட்டுக்கிடா மாதிரி மயிரு மயிரா?

அல்போன்சா: செனில். உங்க தம்பி வில்பிரட்டு ஜப்பான்லேர்ந்து உருட்டுக்கத்தி கொண்டாந்தாம்லா, அதுகூட செய்யுற விதம் படம் போட்டுருந்துச்சி. நாலு துணிய அடுக்கி வரிவரியாத் தைக்கணும். ரெண்டு தையலுக்கு நடுவுல உருட்டி வெட்டணும். துவச்சு உதறுனா பிசிறு எந்திரிச்சுப் புசுபுசுன்னு...

சிலுவை: நாலும் சேலையா வைக்க வேண்டியதான!

அல்போன்சா: ரெண்டுதான் இருந்திச்சி. மூணாவது உங்க பாயி. அடித்துணிய மட்டும் வெட்டப்படாதாம், அங்கன உங்க வேட்டிய வச்சேன்.

சிலுவை: ஆக, வேட்டி தப்பிச்சிட்டு?

அல்போன்சா: ஒரு கீறல் கெடையாது.

சிலுவை: ஏட்டி, வேட்டியக் கட்டியா கொழும்புக்குத் தோணி ஓட்டுவேன்? வெங்காயம் ஏத்தியாச்சி, சாயங்காலக் காத்துக்குக் கெளம்பணும்...

தாணுலிங்கம்: ஏலே சிலுவை! தோணிக்குச் சொந்தக்காரன் கரையில வெயில்ல காயுதேன், தோணி ஓட்டுற தண்டல் நீ வீட்டுக்குள்ள என்னலே பண்ணுத?

சிலுவை: வாங்க அண்ணாச்சி... உக்காருங்க... அங்கன வேண்டாம்! அங்கன...

தாணுலிங்கம்: உக்காந்தாச்சி. முன்பாய் எங்கலே?

அல்போன்சா: அண்ணாச்சிக்குக் கீழதான் இருக்கு.

தாணுலிங்கம்: எது, இந்தக் கம்பளியா? அடப்பாவி மக்கா! குடி கெடுத்துட்டியளே!

சிலுவை: எந்திரிங்க அண்ணாச்சி, பிரிச்சுப் பாப்போம்.

தாணுலிங்கம்: இருலே. கோவமா இருக்கேன்... இரு... ஆங்...

சிலுவை: என்ன அண்ணாச்சி செய்யுது?

தாணுலிங்கம்: ஒண்ணும் செய்யல. அதாம்லே அதிசயம்! மூலம் வந்ததுலேர்ந்து ஒரு எடத்துல நிம்மதியா உக்காந்ததில்ல. இன்னைக்குத்தான்... சரி, அத விடு. இதயே ஏத்திக் கெளம்பு.

சிலுவை: ஐயய்யோ! காத்தெல்லாம் கீறல்ல போயிரும். மழையில ஊறுனா பாய்மரமே சாஞ்சிரும்!

தாணுலிங்கம்: அப்ப என் இன்னொரு தோணி சும்மாத்தான நிக்கி. அதுல உள்ள முன்பாயக் கட்டு.

சிலுவை: அது... அளவு சேராது...

தாணுலிங்கம்: ரெண்டும் ஒரே அளவுலே! தச்சவன் நான் கூட்டிட்டு வந்த ஆளு.

சிலுவை: கயிறு வேற...

தாணுலிங்கம்: கயிறுக்கு என்னலே? கெளம்பு!

அல்போன்சா: அண்ணாச்சி, இது வெறும் மாதிரிதான். கடைப் பலகைக்கு ஒண்ணு, வீட்டு நாற்காலிக்கு ஒண்ணு, காருக்கு ஒண்ணுன்னு தச்சா எங்க போனாலும் மெத்துனு இருக்கும்.

தாணுலிங்கம்: காருக்குமா?

அல்போன்சா: என்ன, துணிய வெறைப்பா இழுத்துப் புடிக்க ஒரு ஆம்பள வேணும். இவிய கொழும்பு போயிட்டா யாரு புடிப்பா?

தாணுலிங்கம்: ...வெங்காயந்தான. செபாஸ்டின் கொண்டு போவான். அவனும் தண்டல்தான. ஏலே சிலுவை, நீ கடல் பக்கமே வரப்படாது. இழுத்துப் புடி!

சிலுவை: அண்ணாச்சி, நான் பரம்பரத் தண்டல்...

தாணுலிங்கம்: பேசாத! இத இப்பவே கொண்டு போறேன். தூக்கித் தோள்ல போடு. அமுக்காத, பிசிறு படுத்துரும்!

அல்போன்சா: பாத்துப் போங்க அண்ணாச்சி.

சிலுவை: ...போயிட்டாரா?

அல்போன்சா: தெருமுக்குத் திரும்பிட்டாரு. இப்பச் சொல்லுங்க. தோணியில கெடக்குற பாய்க்கு என் பழந்துணி மூட்டைக்குள்ள என்ன சோலி?

சிலுவை: ...நாந்தாம்ளா வச்சேன். போன நட கொழும்பு போகையில கடலு பொரட்டிப் போட்டதுலேர்ந்து தோணியில ஏறவே முடியல. தண்டல் மவன் பயந்தாம்னு சொன்னா கரையில தல காட்ட முடியுமா? நீ பாயின்னு தெரியாம வெட்டிருவன்னுதான்...

அல்போன்சா: தெரியாமலா? மூணு ஊசி ஒடிஞ்சிச்சி! மத்தியானத் தூக்கத்துல கட்டில் காலக் கட்டிப்புடிச்சு, "கரை தெரியுதா, கரை தெரியுதா"ன்னு அழுதீயளே... பெரிய பாயக் கொண்டாந்து போட்டிருந்தா அதயும் வெட்டியிருப்பேன்.