ஆனை போயிருச்சு என்று யார் சொல்வது?

மூடுபனி இறங்கி மைக்கை நனைக்கும் இந்த மாலையிலும் மனம் தளராமல் மன்றத்துக்குத் தலைமை தாங்கும் தோட்டத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர், மதிப்புக்குரிய பூபதிராஜா அவர்களே. கொழுந்து பறித்துக் காய்த்துப்போன கைகளைக் கம்பளிக்குள் பொத்திக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே. தேயிலைக்காட்டிலும் ஏலக்காட்டிலும் முதுகு வளைந்தாலும் எவர் முன்னும் தலை வளையாத பெரியோர்களே. சுற்றுலாக்காரர்களை இறக்கிவிட்ட கையோடு ஜீப்பை ஓரங்கட்டிவிட்டு வந்திருக்கும் ஓட்டுநர் தம்பிமார்களே. சூரியநெல்லி மண்ணின் சொந்தங்களே, உங்கள் அனைவருக்கும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து வந்திருக்கும் வழக்கறிஞர் செல்வப்பிரியாவின் பணிவான வணக்கம்.

கடைசி வரிசையில், காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பூட்ஸைக் கழற்ற மறந்து நிற்கும் தம்பிக்கும் என் வணக்கம். சிரிக்காதீர்கள் அம்மா, அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தான். தம்பி, நான் பேசுவதை ஒன்று விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்லப்போவதில் மறைக்க எதுவும் இல்லை.

எங்கள் கிழக்குப் பாலக்காட்டில் மேடை ஏறினால், "ஏனுங்க, எல்லாரும் நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்போம். இன்று அதைக் கேட்க எனக்கு நா எழவில்லை. உங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஓடியாடிய ஒரு குழந்தை நன்றாக இல்லை.

அவள் பெயரை மேடையில் சொல்லச் சட்டம் விடாது. ஆகவே நீங்கள் வைத்த பெயரையே சொல்கிறேன். மைனா. ஏழு வயது. ஓயாத வாய். வங்காளம் பேசும் தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்து, உங்கள் பிள்ளைகளோடு உருண்டு புரண்டு உங்கள் தமிழையே பேசியவள். உடும்பஞ்சோலை ஏலக்காட்டில் மரம் சாய்ந்து தகப்பன் செத்துப்போக, தாயும் மகளுமாக உங்கள் லயத்தின் கோடி வீட்டுக்கு வந்தவர்கள்.

உங்கள் ஊரின் வழக்கம் ஒன்றைக் கேட்டு நான் வியந்திருக்கிறேன். மலையிலிருந்து யானை இறங்கினால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பிள்ளை யாருடையது என்று பார்க்கிறீர்களா? சாதி கேட்கிறீர்களா? சண்டை போட்ட வீடா என்று யோசிக்கிறீர்களா? கைக்கு எட்டிய பிள்ளையைக் கதவுக்குள் இழுத்துப் போட்டுத் தாழ் போடுகிறீர்கள். யானை காடேறும் வரைக்கும் அது உங்கள் பிள்ளை. அப்புறம் கதவைத் திறந்து, "ஆனை போயிருச்சு, ஓடு, ஒங்கம்மா தேடுவா" என்று அனுப்பிவைக்கிறீர்கள். இந்த ஒரு வழக்கத்துக்காகவே உங்கள் காலில் விழலாம்.

அன்று காலை யானை வரவில்லை. ஜீப் வந்தது. வடக்கத்தித் தொழிலாளர்களை நிறுத்தி வைத்து, காகிதம் எங்கே, கார்டு எங்கே, வங்கதேச எல்லைக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று கேட்டார்கள். மைனாவின் தாய் காட்டிய கார்டு போலி என்று சந்தேகப்பட்டு அவளை ஏற்றிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் மைனாவைக் கதவுக்குள் இழுத்தவர் முத்துப்பேச்சி அக்கா. இதோ, மூன்றாவது வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருக்கிறார். பெயரைச் சொல்லியே பேசு என்று அவர்தான் எனக்கு உத்தரவு கொடுத்தார்.

அக்கா குழந்தையின் காதில் சொன்னது இதுதான். "ஏ புள்ள, யார் கேட்டாலும் நீ எம் புள்ளன்னு சொல்லு. ஒங்கம்மாவத் தெரியாதுன்னு சொல்லு. வாயத் தொறந்து ஒங்க பாஷையில ஒரு வார்த்தை பேசிறாத." போலீஸ் கேட்டது. லயமே ஒரே குரலில், "எங்க முத்துப்பேச்சி மக சார்" என்று சாதித்தது. அன்பு சொன்ன பொய். ஆனாலும் பொய்.

அந்தப் பொய் மறுநாளே சாயம் வெளுத்தது. அக்காவின் ரேஷன் கார்டில் அப்படி ஒரு மகள் இல்லை. தாய் அங்கே, "அது என் மகள்" என்று அழுகிறாள். மகள் இங்கே, "தெரியாது" என்கிறாள். காக்கி மூளை என்ன கணக்குப் போட்டது? தமிழச்சியிடமிருந்து வடக்கத்திக்காரி பிள்ளையைத் திருடினாளா, வடக்கத்திக்காரியிடமிருந்து தமிழச்சி திருடினாளா? விசாரணை முடியும் வரை தாய் ஒரு முகாமில், மகள் ஒரு காப்பகத்தில். வாசலில் காப்பகம் என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். வெளிப்பக்கம் பூட்டு. உள்ளே இருப்பவர் கேட்டால் திறக்காத வீட்டுக்கு நான் படித்த தமிழில் சிறை என்றுதான் பெயர்.

நான் போய்ப் பார்த்தேன். ஒரு நாள் தாயையும் அங்கே அழைத்து வந்தார்கள். நீண்ட கூடத்தின் அந்தக் கோடியில் தாய். இந்தக் கோடியில் மகள். "இது யாரும்மா?" என்று அதிகாரி கனிவாகத்தான் கேட்டார். மைனா தாயைப் பார்த்தாள். அவள் உதடு துடித்ததை நான் பார்த்தேன். பாவாடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தெளிந்த தமிழில், "எனக்குத் தெரியாது சார். எங்கம்மா சூரியநெல்லியில இருக்கு" என்றாள். தாய் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று இரவு அந்தக் குழந்தை சோறு தின்னவில்லை. காப்பகத்து ஆயா பூவாத்தாள் என் ஊர்ப் பக்கத்துக்காரி. அவர் எனக்குப் போன் செய்தார். "ஏனுங்கம்மிணி, இந்தப் புள்ள போர்வைக்குள்ள பூந்துக்கிட்டு அது பாஷையில அம்மா அம்மான்னு மொனகுதுங்க. கிட்டப் போனா வாயப் பொத்திக்குதுங்க."

கேட்டீர்களா? நாம் கொடுத்த வாக்கை நாமே மறக்கிறோம். நாட்டை ஆள்கிறவர்கள் மறக்கிறார்கள். நம்மிடம் வாங்கிய ஒரு சொல்லை, பெற்றவளைப் பறிகொடுத்தும் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள் அந்த ஏழு வயதுக்காரி.

என்னம்மா, ரத்தப் பரிசோதனையா? கேட்டிருக்கிறோம். முடிவு வர மாதக்கணக்காகும். அதற்குள் தாயை எல்லைக்கு அனுப்பிவிடப் பேச்சு நடக்கிறது. நாளை விசாரணை. உறவு நிலைநிற்காவிட்டால் மைனா ஆளில்லாப் பிள்ளை; வேறு மாவட்டத்துக்குப் போவாள். தாய் ஒரு திசை, தளிர் ஒரு திசை. பிறகு எந்தப் பரிசோதனை வந்து யாரை யாரோடு சேர்க்கும்?

தாய் எந்தக் கரையில் பிறந்தாள் என்பதை நீதிமன்றம் பார்க்கட்டும். நான் அதில் தலையிடவில்லை. ஏழு வயதுப் பிள்ளை எந்த எல்லையை மீறியது? எந்தச் சட்டத்தை உடைத்தது? பிள்ளையை அடைத்து வைக்காதே, பெற்றவளைப் பிரிக்காதே, பள்ளிக்கூடத்தைப் பறிக்காதே. நாங்கள் பிச்சை கேட்கவில்லை. அவளுக்கு உரியதைக் கேட்கிறோம்.

யாரோ ஒரு பெரியவர் அங்கே, "வடக்கத்தியாளுக்கு எது நடந்தா நமக்கென்ன" என்கிறார். ஐயா, உங்கள் பேரனுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு வில்லேஜ் ஆபீஸ் வாசலில் நின்றீர்களே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு முன்னால் உன் பாட்டன் இங்கே இருந்தானா, காகிதம் கொண்டுவா என்றார்களே, அன்று உங்களுக்கு எப்படி இருந்தது? நான்கு தலைமுறை இந்த மலையில் உழைத்தும் சந்தையில் நம்மைப் பாண்டி என்று இளக்காரமாகக் கூப்பிட்டார்களே, அந்தச் சொல் எங்கே குத்தியது? அதே இடத்தில்தான் அவளுக்கும் குத்துகிறது ஐயா.

உங்கள் பயம் எனக்குத் தெரியும். போலீசிடம் பொய் சொன்னோம் என்று ஒப்புக்கொண்டால் வழக்கு வருமா? வரலாம். லயத்து வீடு போகுமா, வேலை போகுமா? போகாது என்று சத்தியம் செய்ய எனக்கு வாயில்லை. பக்கத்தில் நின்று வாதாடுவேன். அதை மட்டும் சொல்ல முடியும். ஒருவர் வந்தால் குற்றவாளி என்பார்கள். லயமே வந்து நின்றால், ஊர் சாட்சி சொல்ல வந்திருக்கிறது என்பார்கள்.

மேடை ஏறுமுன் முத்துப்பேச்சி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "தாயி, கதவத் தொறந்து அனுப்புறப்ப ஆனை போயிருச்சுன்னு சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். இந்த ஆனை இன்னும் நிக்கிதே. நான் என்னத்தச் சொல்லி அவள அவ அம்மாகிட்ட அனுப்புவேன்?"

பதிலையும் அவரே சொன்னார். "இன்னொரு பொய் சொல்ல மாட்டேன் தாயி. ஆனை நிக்கிது, நாங்களும் நிக்கிறோம், நீ அம்மான்னு கூப்புடுன்னு சொல்லுவேன்." இந்த மேடையில் நான் பேசிய அத்தனை அலங்காரமும் அந்த ஒரு பேச்சுக்கு ஈடாகாது.

'நாங்களும்' என்றார் அக்கா. அவரோடு யார் யார் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். விசாரணைக்குப் புறப்பட ஓட்டுநர் பொன்ராஜ் தம்பியின் ஜீப் நாளைக் காலை ஆறு மணிக்குக் கோயில் முக்கில் நிற்கும். அந்தப் பிள்ளையின் வாயை மூடியது நாம். திறக்க வேறு யாராலும் முடியாது.

நனைந்தபடி கேட்ட தாய்மார்களுக்கும், பேச இடம் தந்த தலைவருக்கும், குளிரில் மைக் பிடித்த தம்பிக்கும், குறிப்பெடுத்துக் கை சோர்ந்த அந்தத் தம்பிக்கும் என் நன்றி. மீதி வணக்கத்தை நாளைக் காலை ஜீப்பில் ஏறுகிற ஒவ்வொருவருக்கும் நேரில் சொல்கிறேன்.