ஆறாவது பெட்டி

சர்க்கரைப் பாகு கலப்பதில் கை தவறாதவள் என்று ஆய்வுக்கூடத்தில் எனக்கு நல்ல பெயர். பதினொரு வருடமாகத் தேனீக்களுக்கு உணவு வைப்பதுதான் என் வேலை. மொத்தம் ஐந்து பெட்டிகள். எதற்கு என்ன வைத்தேன், தேனீக்கள் எப்படி நடந்துகொண்டன என்று தினமும் நோட்டில் எழுத வேண்டும்.

மூன்றாம் பெட்டிக்கு மட்டும் பாகில் மருந்து கலப்போம். குடலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதில் செத்துப்போகும். பிறகு அந்தத் தேனீக்கள் வெளியே பறப்பது குறைந்துவிடும். டாக்டரம்மா ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு, "வயித்துக்குள்ள இருக்கறதுதான் ஆட்டி வைக்குது. நாம என்னமோ புத்தியால நடக்கறோம்னு நினைச்சிக்கிட்டிருக்கோம்," என்றார். நானும் சிரித்தேன்.

அந்த வாரம்தான் என் மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. அவள் அப்பா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். "ரெண்டே வருஷம்தாம்மா," என்றாள். பெற்ற மகளோடு மல்லுக்கு நிற்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. சரி என்றேன். மறுநாள் மருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அவளுடைய காலைப் பாலில் கலந்தேன். ஐந்து மாதம் கலந்தேன்.

முதலில் வயிற்றுப்போக்கு. அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. பயணத்தை ஒருமுறை தள்ளிப்போட்டாள், பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நாள் முழுக்க ஜன்னலோரம் படுத்திருப்பாள். தலை வாரிவிட்டேன், கால் பிடித்துவிட்டேன். "நீ இல்லன்னா நான் என்னம்மா பண்ணுவேன்," என்று ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறைப்பானேன், எனக்கு சந்தோஷமாக இருந்தது.

நோட்டில் எழுதியதுதான் பிசகு. பழக்கதோஷம், கை தானாக எழுதிவிடும். அரையாண்டு அறிக்கைக்காக நோட்டைப் புரட்டிய டாக்டரம்மா ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

"நம்மகிட்ட அஞ்சு பெட்டிதானே இருக்கு? ஆறுன்னு எழுதியிருக்கீங்க. வெளியே போகலை, பால் முழுசும் குடிச்சது, எடை முப்பத்தெட்டு கிலோ. என்னங்க இது?"

எனக்குப் பொய் சொல்ல வராது. மகள் என்றேன். அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போலீஸுக்குப் போன் செய்தார்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நேற்று நீங்கள் மகளைப் பார்க்க என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனீர்கள். "இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது, போகச் சொல்லுங்க," என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதை வெறுப்பு என்று நீங்கள் எழுதிக்கொண்டதைப் பார்த்தேன். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். குடல் நுண்ணுயிர்கள் மாறினால் தேனீயின் வாசனையே மாறிவிடும், சொந்தக் கூட்டோடு ஒட்டாது. அதில் கோபதாபம் எதுவும் கிடையாது. வயிறு சரியாகட்டும், என் மகளுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிடும்.