நான்காவது திருத்தம்

நான் சிவப்பு மையால் திருத்துவதில்லை. பிள்ளைகள் மனம் நோகும். பென்சில்தான், அதுவும் அழுத்தாமல். பதினெட்டு வருடமாக வேதியியல் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்கு ஆய்வறிக்கை எழுதக் கற்றுக்கொடுக்கிறேன். என்மேல் ஒரு புகார் கிடையாது; கோப்பைப் புரட்டிப் பாருங்கள்.

எனக்கு வேதியியல் தெரியாது. ஆனால் என் கையெழுத்து இல்லாமல் எந்த அறிக்கையும் துறைத்தலைவர் மேசைக்குப் போகாது. அது விதி. அவர் அதை ஒருநாளும் மதித்ததில்லை. ஒரு கூட்டத்தில் நான் பேச எழுந்தபோது, "கமா சார், நீங்க கமா போடுங்க, நாங்க விஞ்ஞானம் பண்றோம்" என்றார். இருபது பேராசிரியர்கள் சிரித்தார்கள். அதில் எட்டுப் பேருடைய கட்டுரைகளை மனிதர் படிக்கும்படி ஆக்கியதே நான்தான். நானும் சிரித்துவைத்தேன். வயிறு மட்டும் எரிந்தது, இன்னும் அணையவில்லை.

அந்த இறுதியாண்டுப் பெண்ணின் அறிக்கை இரண்டாம் மாடி ஆய்வகத்துக் கண்ணாடிக் கூண்டைப் பற்றியது. நச்சுப்புகையை உறிஞ்சி வெளியே தள்ளுகிற கூண்டு. துறைத்தலைவர் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தது. அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு, கூண்டின் கதவைவிடக் கொஞ்சம்தான் சின்னது. "கூண்டு காற்றை இழுக்கவில்லை, காகித நாடாவைப் பிடித்துப் பார்த்தேன், அசையவில்லை, உடனே மூடாவிட்டால் ஆட்கள் சாவார்கள்" என்று எழுதியிருந்தாள். ஒன்றரைப் பக்கம். தெளிவாகத்தான் இருந்தது.

"நேரா அவர்கிட்டயே சொல்லேம்மா" என்றேன்.

"சொன்னேன் சார். வாயால சொன்னா செல்லாதாம். கமா சார் கையெழுத்தோட கொண்டு வா, பாக்கலாம்னுட்டார்."

அந்தப் பெயரைச் சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நல்ல பெண்.

எனக்கு விளங்கிவிட்டது. பதினெட்டு வருடம் செல்லாக்காசாக இருந்த என் கையெழுத்து, இப்போது அவருக்குக் கேடயம். சரி, வேண்டுமானால் அவரே மூன்று மாடி ஏறி என் அறைக்கு வந்து கேட்கட்டும் என்று முடிவு செய்தேன். இது நியாயமற்ற எதிர்பார்ப்பா, நீங்களே சொல்லுங்கள்.

முதல்முறை, முன்னுரை போதாது என்று திருப்பினேன். இரண்டாம்முறை, மேற்கோள் பட்டியல். மூன்றாம்முறை, அறிக்கையில் பதற்றம் தெரிகிறது என்றேன்.

"பதற்றம்தான் சார்! என் கூட்டாளிங்க தினமும் அங்கதான் சார் நிக்கிறாங்க. இதுல எழுத்து எங்க சார் பிரச்சினை?"

"உங்க துறையில இப்படி எழுத மாட்டாங்கம்மா."

அவர் மாடி ஏறவில்லை.

நான்காம்முறை கொண்டுவந்தபோது குறை சொல்ல ஒன்றுமே இல்லை. என் பதினெட்டு வருடத்தில் அப்படி ஒரு அறிக்கை வந்ததில்லை. வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு இரண்டாம் மாடிக்கு இறங்கினேன். கூண்டின் விசையைப் போட்டு, மெல்லிய தாள் ஒன்றைக் கிழித்து உள்ளே நீட்டினேன். சத்தம் மட்டும் கம்பீரமாக வந்தது, திறந்துவைத்தவரைப் போலவே. தாள் அசையவில்லை.

அறைக்குத் திரும்பி ஓரத்தில் எழுதினேன்: "காகித நாடா சான்று ஆகாது. உண்மையான புகையைக் கொண்டு அளந்து காட்டவும்."

தாள் அசையவில்லை என்று தெரிந்துதான் எழுதினேன். சொன்னதை அப்படியே செய்கிற பெண் அவள் என்பதும் தெரியும். இதை நான் மறுக்கவில்லை.

சனிக்கிழமை, ஆளில்லாத ஆய்வகத்தில் அமிலத்தைக் காய்ச்சியிருக்கிறாள். பக்கத்தில் நேரம் குறித்த தாள். ஆறு நிமிடம்வரை எழுதியிருந்தாள், அடித்தல் திருத்தல் இல்லாமல். ஆய்வக உதவியாளர் இரண்டு மணிக்குத்தான் கதவைத் திறந்தார்.

அன்றுதான் துறைத்தலைவர் என் அறைக்கு ஏறி வந்தார், வியர்த்து விறுவிறுத்து. "அறிக்கை எங்க சார்?" என்றார். கமா இல்லாமல்.

என்னைக் கொடுமைக்காரன் என்று எழுதிவிடாதீர்கள். ஐந்தாம்முறை கையெழுத்துப் போடுவதாகத்தான் இருந்தேன். அவள்தான் கொண்டுவரவில்லை.