கால் ஊன்றும் வரை

— மூச்சை அடக்காதீங்க. வலது காலை மடக்காம தூக்குங்க. இன்னும் கொஞ்சம்.

— ஆ... அம்மா... முடியல தாயே! இதுக்கு மேல தூக்குனா உசுரு போயிரும்.

— போன தடவையும் இதே உயரத்துலதான் உசுரு போச்சு. சரி, கீழ வைங்க. இப்ப இடது கால்.

— அது நல்ல கால்தானே, அதை எதுக்கு?

— தூக்குங்க, சொல்றேன்.

— இந்தா, தூக்கியாச்சு.

— என் கை எங்க இருக்கு, தெரியுதா?

— வலது குதிகாலுக்கு அடியில.

— பலமே இல்லேன்னு சொல்ற அந்தக் கால், இப்ப என் விரலை நசுக்கிருச்சு.

— அதுவா அழுத்தியிருக்கும் டாக்டரம்மா. நான் ஒண்ணும் பண்ணல.

— இருக்கலாம். சில பேருக்குத் தெரியாமலேயே அப்படி ஆகும். அதை மட்டும் வச்சு யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். அப்படியே படுங்க, தொடையைச் சுத்தி டேப் வைக்கணும்.

— தையல்காரர் மாதிரி அளக்குறீங்களே, புது பேண்ட் ஏதும் தச்சுத் தரப் போறீங்களா?

— சிரிப்பு அப்புறம். ஊனாத கால் சீக்கிரமே சூம்பிரும். ஆபரேஷன் முடிஞ்சு இங்க வந்தப்ப இந்தத் தொடை குச்சியா இருந்துச்சு. இப்ப ரெண்டும் ஒரே அளவு.

— எல்லாம் உங்க கைராசி.

— முதல்ல, நான் டாக்டர் இல்ல, பிசியோ. ரெண்டாவது, கைராசியில சதை வளராது. நடந்தாத்தான் வளரும். எப்ப இருந்து நடக்குறீங்க?

— சத்தியமா நான்...

— சத்தியம் வேண்டாம். உண்மை போதும்.

— மெதுவாப் பேசுங்க தாயே! என் வீட்டுக்காரி கதவுக்கு வெளியிலதான் உக்காந்திருக்கா. திரைக்கு அந்தப் பக்கம் வேற யாரோ படுத்திருக்காங்க.

— கழுத்து வலிக்காரர். ஒத்தடம் வச்சதும் குறட்டை விட ஆரம்பிச்சுட்டார். நீங்க பேச்சை மாத்தாதீங்க. மறுபடி ஏணி ஏறணுமேன்னு பயமா? விழுந்த எலக்ட்ரீஷியன் நிறையப் பேருக்கு அது இருக்கும். சொன்னா அதுக்கும் பயிற்சி குடுக்கலாம்.

— ஏணி கிடக்கட்டுங்க. ஏணியில நாளைக்கே ஏறிருவேன். பொண்டாட்டி போயிருவாளே!

— எங்க?

— அவ அண்ணன் வீட்டுக்கு. நான் விழுறதுக்கு முன்னாடியே அங்க போயிட்டவதான். எங்க மாமியாருக்கு ஆபரேஷன். வேலை முடியல, வர முடியாதுன்னு போன்ல சொன்னேன். கூட்டாளிங்களோட சீட்டாடிக்கிட்டு இருந்தேன். பின்னாலருந்து ஒரு நாதாரி, "சீட்டை இறக்குடா"ன்னு கத்துனது அவளுக்குக் கேட்டுப் போச்சு.

— அவங்க அப்ப...

— ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல ஒத்தையா நின்னுக்கிட்டு இருந்திருக்கா. அந்த வாரமே கிளம்பிட்டா. அப்புறம் நான் விழுந்தேன்னு தெரிஞ்சதும் அலறியடிச்சு ஓடி வந்தா. வந்தவ வாசப்படியிலயே நின்னு சொன்னா, "நீங்க கால் ஊனி நடக்குற வரைக்கும்தான் இருப்பேன், அதுக்கு மேல ஒரு நாள் இருக்க மாட்டேன்"னு. கொண்டு வந்த பெட்டியை இன்னும் பிரிக்கலீங்க. வேணுங்கிற துணியை எடுத்துட்டு மறுபடி பூட்டி வச்சிருவா.

— பொய் சொன்னதுக்குத்தானே போனாங்க? அதுக்கு மருந்து இன்னொரு பொய்யா?

— தப்புதான். தெரியாம இல்ல. ஆனா காலையில கண்ணு முழிக்கிறப்ப அடுப்படியில அவ பாத்திரம் உருட்டுற சத்தம் கேக்குது பாருங்க... அந்தச் சத்தத்துக்காக இந்தக் காலையே வெட்டிக் குடுத்துரலாம்னு தோணுது.

— வெட்ட வேண்டாம், நான் பாடுபட்டுத் தேத்துன கால்.

— அப்ப நீங்களே காப்பாத்துங்க. இன்னும் கொஞ்ச நாள் ஆகும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.

— மாட்டேன். ஒவ்வொரு தடவையும் அவங்கதான் உங்க பாரத்தைத் தோள்ல தாங்கி வண்டியில ஏத்துறாங்க. போன வாரம் செருப்பை மாட்டக் குனிஞ்சவங்க நிமிர முடியாம சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. உங்க காலைத் தேத்துறேன்னு அவங்க இடுப்பை நான் பலி குடுக்க முடியாது. ஒண்ணு நீங்க சொல்லுங்க, இல்லேன்னா நான் சொல்லிருவேன்.

— ஒரே ஒரு வாரம் தாயே...

— இன்னைக்கே. கதவு தட்டுறாங்க பாருங்க. உள்ள வாங்க!

— என்ன இவ்வளவு நேரம்? யாரோ பலி, கிலின்னு பேசுன மாதிரி கேட்டுச்சு.

— ஒண்ணுமில்லம்மா, சும்மா... காலை அளந்துக்கிட்டு இருந்தாங்க.

— உங்களைக் கேக்கல. எந்திரிங்க. வெளியில போய் உக்காருங்க, நான் மேடத்துக்கிட்ட தனியாப் பேசணும்.

— நானும் ஒரு ஓரமா இருந்துக்கிறேனே.

— வெளியில.

— சரி சரி, கோவப்படாத. அந்த வாக்கரை இப்படித் தள்ளு. ஆ... அம்மா... முருகா...

— பிடிக்கணுமா?

— வேணாம் வேணாம், நீ இரு. நானே நொண்டி நொண்டிப் போயிக்கிறேன்.

— கதவைச் சாத்திட்டுப் போங்க.

— உக்காருங்கம்மா. முதல்ல உங்க இடுப்பைப் பத்தி...

— அதைப் பார்த்தீங்களா மேடம்?

— எதைங்க?

— அடிபட்டது வலது கால். இப்ப அவரு நொண்டிக்கிட்டுப் போனது இடது கால்ல.

— அது... ஒரு பக்கம் வலி இருந்தா பாரம் மாறும், அப்புறம் அந்தப் பக்கமும்...

— மேடம். நீங்களுமா?

— இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா...

— சுத்தி வளைக்க வேணாம். ஒரே கேள்விதான். அந்த மனுஷன் நடப்பாரா, மாட்டாரா?

— அவரே உங்ககிட்ட சொல்லணும்னு நினைச்சேன்.

— அவரு வாயால கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. நீங்க சொல்லுங்க.

— நடப்பாருங்க. ஏணியே ஏறலாம். கால் தேறியாச்சு. எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும். மன்னிச்சிருங்க.

— எனக்கு எப்பவோ தெரியும்.

— தெரியுமா!

— நான் வெளியில போயிட்டு வந்தா மேல் அலமாரியில இருக்குற பிஸ்கட் டப்பா காலியாக் கிடக்குது. றெக்கை முளைச்சா எடுத்திருப்பாரு?

— அப்புறம் எதுக்குங்க அந்த ஆளைச் சுமந்துக்கிட்டு வர்றீங்க? உங்க இடுப்பு ஒடிஞ்சு போகும். இருங்க, கூப்பிடுறேன். இதை இப்பவே நேருக்கு நேராப் பேசி முடிச்சிரலாம்.

— கூப்பிடாதீங்க! உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்.

— ஏன்மா?

— அவரு நடந்துட்டா நான் அன்னைக்கே கிளம்பியாகணும். எங்க அண்ணன், அண்ணி, அக்கம்பக்கம்னு எல்லார் முன்னாடியும் வாயை விட்டுட்டு வந்திருக்கேன். சொன்ன சொல்லைக் காப்பாத்தாம இருந்தா அப்புறம் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

— அப்ப... உங்களுக்குப் போக மனசில்ல?

— கோவம் அப்படியேதான் இருக்கு மேடம். அந்தத் தியேட்டர் வாசலை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா இத்தனை வருஷமா என்னை விட்டு ஓடுறதுக்குத்தான் அந்த மனுஷன் பொய் சொல்லுவாரு. என்கூட இருக்குறதுக்காகச் சொல்ற பொய்யை இப்பத்தான் பாக்குறேன்.

— அதுக்கு நான் என்னங்க பண்ண முடியும்?

— என் இடுப்பை நான் பாத்துக்கிறேன். நீங்க அந்தக் கதவைத் திறந்து, அவரு காதுல நல்லா விழுற மாதிரி சொல்லுங்க, இந்தக் கால் தேற இன்னும் ஆறு மாசம் ஆகும்னு!