சீரகத் தண்ணியும் ஆறு முட்டையும்

— கதவ சாத்திடட்டுமா மேடம்? காரிடார்ல ஃபுல்லா எங்க கிளாஸ் பொண்ணுங்க. நான் கவுன்சிலிங் ரூமுக்குள்ள வந்தத பாத்தாளுங்கன்னா, "காவ்யாவுக்கு லவ் ஃபெயிலியர்"னு சாயங்காலத்துக்குள்ள ஆரணி பூரா பரப்பிடுவாளுங்க.

— சாத்தும்மா. ஆனா நான் வந்து...

— தேங்க்ஸ் மேடம். பி.காம் செகண்ட் இயர். வீடு சேவூர். ஆனா இதெல்லாம் நோட்டுல எழுதாதீங்க. எழுதினீங்கன்னா இப்பவே எழுந்து போயிடுவேன்.

— நான் எதுக்கும்மா எழுதப் போறேன்? ஒடையாத நாற்காலி இது ஒண்ணுதான் இருக்குதேன்னு இதுல குந்திகினு...

— உங்க ரூம்லயும் ஒடஞ்ச நாற்காலிதான் போட்டிருக்காங்களா? இந்த காலேஜே இப்டித்தான் மேடம். சரி, நேரா விஷயத்துக்கு வந்துடறேன். எனக்குத் தூக்கம் வரல. பன்னண்டு நாளா வரல. சீப்புல பாதி முடி வந்துடுது. இன்னிக்கி காலைல கிரவுண்டுல தலை சுத்தி விழுந்துட்டேன். பி.டி. மிஸ், புஷ்பலதா மிஸ், கண்ண இழுத்து பாத்துட்டு, "மொதல்ல போய் கவுன்சிலர் மேடத்துகிட்ட பேசிட்டு வா"ன்னு அனுப்பிட்டாங்க.

— விழுந்தியா? அடி பட்டுச்சா? காலைல இன்னா நாஷ்டா துன்ன?

— சீரகத் தண்ணி.

— அது நாஷ்டாவா?

— எங்கம்மா கணக்குல அதான் நாஷ்டா. அப்பறம் ஒம்போது மணிக்கு பி.டி. ரூம் பின்னாடி ஆறு முட்ட.

— ஆறா!

— மஞ்ச எடுத்துட்டு, வெள்ள மட்டும். எங்க வீட்ல முட்ட வாசனையே ஆகாது. துன்னுட்டு மூணு ஏலக்கா கடிச்சுட்டுத்தான் கிளாஸுக்கே போவேன். அம்மா என்னமோ, "எங்க காவ்யா வாயத் தொறந்தா பாயாச வாசன"ன்னு பெருமையா சொல்லிகினு இருக்காங்க.

— இந்தா பாரு, மொதல்லேர்ந்து சொல்லு. ஒரு பக்கம் பட்டினி, ஒரு பக்கம் முட்ட. இன்னா கத இது?

— ஞாயித்துக்கெழம என்ன பொண்ணு பாக்க வராங்க மேடம். அதுக்கு அனுப்ப போட்டோ எடுத்தாங்க. அத பாத்துட்டு எங்கம்மா, "இன்னாடி தோளு ரெண்டும் பீரோ மாதிரி நிக்குது"ன்னு அன்னிக்கே சோத்த நிறுத்திட்டாங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள நான் அம்பத்தஞ்சு கிலோ ஆயிடணுமாம்.

— இப்ப எவ்ளோ?

— அறுபத்திரெண்டு. அங்கதான் பேஜாரு. அதே ஞாயித்துக்கெழம எனக்கு வேலூர்ல யுனிவர்சிட்டி போட்டி. பவர்லிஃப்டிங். அறுபத்திமூணு கிலோ பிரிவு. புஷ்பலதா மிஸ், "அரை கிலோ கொறஞ்சாலும் உன்ன பஸ்ஸுல ஏத்த மாட்டேன்"னு சொல்றாங்க. ஒரே ஒடம்பு, ரெண்டு பேரு ரெண்டு பக்கம் இழுத்துனு இருக்காங்க.

— பவர்... அது இன்னாது?

— வெயிட்டு தூக்கறது மேடம். நீட்டு கம்பி, ரெண்டு பக்கமும் இரும்புத் தட்டு. குனிஞ்சு புடிச்சு நிமுந்து நிக்கணும். அவ்ளோதான்.

— அவ்ளோதான்னு சொல்ற! வூட்டுக்குத் தெரியுமா?

— எங்கம்மாவுக்குத் தெரிஞ்சு நான் தெனமும் சாயங்காலம் ஆரி ஒர்க் கிளாஸுக்கு போறேன். பிளவுஸ் கைக்கு, கழுத்துக்கெல்லாம் ஜரி, பாசி வெச்சு பூ போடுவாங்களே, அது. ஒரு வருஷமா போறேன். கையெல்லாம் காப்பு காச்சுப் போச்சு, பாருங்க.

— அய்ய! இன்னாம்மா இது, மரம் மாதிரி இருக்குது?

— கம்பி புடிச்சு வந்தது. எங்கம்மா இத பாத்துட்டு, "ஊசி குத்திக் குத்தி கொழந்த கை இப்டி ஆயிடுச்சே"ன்னு தெனம் படுக்கறதுக்கு முன்னாடி தேங்கா எண்ண தடவி உட்றாங்க. எனக்கு அழுவையா வரும். சிரிப்பாவும் வரும்.

— ஒரு வருஷமா உங்கம்மா ஒரு பூவ கூடவா கேட்டுப் பாக்கல?

— கேட்டாங்களே! ஃப்ரெண்டு ஒருத்தி போட்ட மயில் ஒண்ண வாங்கினு போயி காட்டினேன். காட்டியிருக்கவே கூடாது. அத தெரு பூரா எடுத்துகினு போயி காட்டி, இப்ப எங்க ரேணுகாதேவி அத்த பொண்ணு கல்யாணத்துக்கு பிளவுஸு ஆர்டரே புடிச்சுட்டாங்க. மூணு பிளவுஸு. முதுகு ஃபுல்லா தாமர, நடுவுல அன்னப்பறவ. எனக்கு ஊசில நூல் கோக்கவே தெரியாது மேடம்!

— சிரிக்கக் கூடாதுதான். இரு, கண்ண தொடச்சிக்கிறேன். ஊம், சொல்லு.

— சிரிங்க, பரவால்ல. போன மாசம் கேஸ் சிலிண்டர் வந்துச்சு. எங்க சமையலறை மாடில. சிலிண்டர் போட வந்தவரு மூச்சு வாங்கிகினு நின்னாரா, நான் பாட்டுக்கு தோள்ல வெச்சு மேல ஏத்திட்டேன். அவரு கீழ எறங்கி வண்டி எடுத்துனு ஓடியே போயிட்டாரு. எங்கம்மா என்ன காத்து கருப்பு அண்டிடுச்சுன்னு மந்திரிக்க கூட்டினு போயி, கைல தாயத்து கட்டிட்டாங்க. இந்தா, இதான். போட்டில இது இருக்கக் கூடாதாம். எப்ப கழட்டறதுன்னு அது வேற கவல.

— ஏம்மா, இவ்ளோ பாடு பட்டு அந்த இரும்ப எதுக்குத் தூக்கணும்?

— இன்னா மேடம், நீங்களே கேக்கறீங்க?

— தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன்.

— எங்க வீட்ல ரெண்டு தறி. பகல் பூரா சத்தம். அது நின்னா எங்கம்மா. அது நின்னா சொந்தக்காரங்க போனு. அந்தக் கம்பிய புடிச்சு குனியறேன் பாருங்க, அப்ப தலைக்குள்ள ஒரு சத்தமும் இருக்காது. இத தூக்கணும், அவ்ளோதான் இருக்கும். தூக்கி நிமுந்து நின்னதும், யாருமே என்ன எங்கியும் தள்ள முடியாதுன்னு தோணும். அப்பறம் கீழ வெச்சுட்டு வூட்டுக்கு போனா, அம்மா சீரகத் தண்ணியோட நிப்பாங்க.

— ஊம், மேல சொல்லு. மாப்ள எந்த ஊரு?

— களம்பூர். ரைஸ் மில்லு வெச்சிருக்காங்க. பேரு ஹேமநாத்.

— களம்பூரா...

— போட்டோ பாத்தேன். கல்யாணத்துக்கு எடுத்த மாதிரி இல்ல மேடம், ஆதார் கார்டுக்கு எடுத்த மாதிரி நிக்கறாரு. பாவம், அவர ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. அவங்க அக்கா ஒருத்தி இருக்காங்களாம். அந்தம்மாதான் டெரரு.

— டெரரா? யாரு சொன்னது?

— தரகர் சிவப்பிரகாசம். புருஷங்கூட வாழாம அம்மா வீட்டோட வந்து இருக்காங்களாம். அதனால எந்தப் பொண்ண பாத்தாலும் அவங்களுக்கு வயித்தெரிச்சலாம். பொண்ணு பாக்க போனா பல்ல எண்ணாத குறையா பாப்பாங்களாம். போன வருஷம் போளூர்ல ஒரு பொண்ணு வீட்ல மிக்சர துப்பிட்டு எழுந்து வந்துட்டாங்களாம். அதுலயே அந்த சம்பந்தம் போச்சாம்.

— துப்பல. காறல் வாட அடிச்சுது, கைல எடுத்தத தட்டுல வெச்சேன். அவ்ளோதான். அந்த சிவப்பிரகாசம் வரட்டும், அவன் வாய தெக்கறேன்.

— ஆங், அதான், தட்டுல வெச்... மேடம்?

— நான் மேடம் இல்லம்மா. பேரு ஸ்வர்ணலதா. களம்பூர். ஹேமநாத் எந்தம்பி. காவ்யா? மூஞ்சி ஏன் வெளுக்குது? விழுந்துடாத. இந்தா, தண்ணி குடி. வெறுந் தண்ணிதான், சீரகம் போடல.

— நீங்க... அந்தச் சேர்ல... ஏன் மொதல்லியே சொல்லல?

— மூணு தடவ சொல்ல வந்தேன். நீ வாயத் தொறக்க உட்டியா?

— போச்சு. எல்லாம் போச்சு. முட்ட, ஆரி ஒர்க்கு, தாயத்து, எல்லாத்தையும் நானே... அய்யோ, உங்களப் பத்தி வேற பேசினேனே! சத்தியமா அது நான் சொன்னது இல்லக்கா. தரகர் சொன்னது.

— வாழாம வந்தேங்கறது நெசந்தான். வயித்தெரிச்சல்ங்கறதுதான் அவன் சரக்கு. அது கெடக்கட்டும். எவ்ளோ தூக்குவ?

— இன்னாக்கா?

— அந்த இரும்பு. எவ்ளோ கிலோ?

— டெட்லிஃப்ட்ல நூத்திப் பத்து.

— எங்க மில்லுல நெல்லு மூட்ட எழுபத்தஞ்சு கிலோ. ஹேமநாத்து ஒரு நாளு, லோடு ஏத்தற ஆளுங்ககிட்ட "இது ஒரு வேலையா"ன்னு சவடால் அடிச்சுட்டு, ஒரு மூட்டைய தூக்கப் போனான். மூணு நாளு குப்புறப் படுத்துகினு இருந்தான். முதுகுக்கு ஒத்தடம் குடுத்தது நானு.

— அக்கா, நீங்க கோவமா இருக்கீங்களா, இல்ல சிரிக்கறீங்களா? எனக்குத் தெரியல.

— ரெண்டும்தான். நேராவே கேக்கறேன், எந்தம்பிய புடிக்கலயா, கல்யாணமே புடிக்கலயா?

— அவர எனக்குத் தெரியவே தெரியாதுக்கா. எப்டி புடிக்கும், எப்டி புடிக்காம போவும்? எனக்கு டிகிரி முடிக்கணும். வேலூர்ல ஜெயிச்சா அடுத்து ஸ்டேட்டு. இருபது வயசுல என்ன கொண்டுபோயி உக்கார வெச்சுட்டாங்கன்னா நான் அதுக்கப்பறம் எழுந்துக்கவே மாட்டேனோன்னு பயமா இருக்கு. அத நெனச்சுத்தான் தூக்கம் வரல.

— இத உங்கம்மாகிட்ட சொன்னியா?

— இல்ல.

— அப்பாகிட்ட?

— இல்லக்கா.

— யாருன்னே தெரியாத என்கிட்ட கொட்டற. சரி, என் போன எங்க வெச்சேன்? இரு, நீ பேசாத. அம்மா? ஆங், நான்தான். ஆரணிலதான் இருக்கேன். பாத்துட்டேன், பாத்துட்டேன். பொண்ணு நல்லா இருக்குது. தோளா? எல்லாருக்கும் இருக்கற மாதிரி ரெண்டு தோளு. ம்மா, ஞாயித்துக்கெழம வேணாம். அன்னிக்கி அஷ்டமி. காலண்டர்ல போடலயா? அது சிமெண்டு கம்பெனிக்காரன் குடுத்த காலண்டர், அவனுக்கு இன்னா தெரியும்? அவங்க வூட்டுக்கு ஜல்தி போன் பண்ணி, அப்பறம் வரோம்னு சொல்லிடு. எப்பன்னா? நான் வந்து சொல்றேன். வெச்சுடு.

— அக்கா! ஞாயித்துக்கெழம அஷ்டமியா?

— யாருக்குத் தெரியும்?

— எனக்கு இப்பவே சோறு துன்னணும் போல இருக்குக்கா.

— துன்னு. ஆனா ஒண்ணு. அஷ்டமி ஒரு நாளைக்குத்தான் தாங்கும். அதுக்கப்பறம் எங்கம்மா வேற நாளு பாக்கும். நான் எந்தம்பிகிட்ட வேணும்னா பேசுவேன், உங்கம்மாகிட்ட நான் பேச முடியாது. அது நீ பேசினாத்தான் உண்டு.

— இன்னிக்கே பேசிடறேன். அப்பாவயும் வேலூருக்கு கூட்டினு போறேன். நேர்ல பாத்தா திட்ட வாய் வராது. அங்க நூறு பேரு கை தட்டுவாங்க இல்ல? அம்மாவத்தான் நெனச்சா பயமா இருக்கு. அந்த அன்னப்பறவ பிளவுஸு வேற பாக்கி.

— நூத்திப் பத்து கிலோ தூக்கறவ அன்னப்பறவைக்குப் பயப்படறா.

— நக்கல் பண்ணாதீங்கக்கா. ஒண்ணு கேக்கட்டுமா? என்ன திருட்டுத்தனமா பாக்கத்தான காலேஜ் வரைக்கும் வந்தீங்க? பாத்துட்டு, நான் பேசினதயும் கேட்டுட்டு, ஒண்ணும் சொல்லாம போன் பண்ணி தள்ளி வெக்கறீங்க. எதுக்குக்கா?

— அது வந்து... யாரோ கதவ தட்டறாங்க பாரு. தொற.

— எக்ஸ்கியூஸ் மீ. சாரி, பிரின்சிபால் ரூம்ல மீட்டிங் இழுத்துடுச்சு. ரொம்ப நேரம் காத்திருந்தீங்களா? நான் சூர்யகலா, காலேஜ் கவுன்சிலர். இவ்ளோ நாள்ல இந்த ரூம்ல நான் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பேர் உக்காந்திருந்து இன்னிக்குத்தான் பாக்குறேன். சொல்லுங்க, யார் முதல்ல?

— என் வேல முடிஞ்சிடுச்சு மேடம். நிஜமான கவுன்சிலிங்கே ஆயிடுச்சு. இவங்க எங்க சொந்தம் மாதிரி, சும்மா என்ன பாத்துட்டு போலாம்னு வந்தாங்க. இப்ப களம்பூர் பஸ்ஸுக்கு கெளம்பிடுவாங்க. வாங்கக்கா.

— நீ போயி மொதல்ல சோறு துன்னு காவ்யா, நான் கெளம்பல. மேடம், பொண்ணு பாக்கப் போறேன்னு சொன்னாத்தான் வூட்ல என்ன பஸ் ஏற உடுவாங்கன்னு அப்டி சொல்லிட்டு வந்தேன். ரெண்டாயிரத்தி ஆறுல இதே காலேஜ்ல பி.காம் செகண்ட் இயர் படிச்சினு இருந்தேன், ஒரு ஞாயித்துக்கெழம என்ன பொண்ணு பாக்க வந்தாங்க, திங்கக்கெழம நான் காலேஜுக்கு வரல. ஆபீஸ்ல உங்கள கேக்கச் சொன்னாங்க, விட்ட செகண்ட் இயர முடிக்க நான் எந்த கிளாஸ்ல வந்து குந்தணும்?