ஒரு கட்சியிலும் இல்லை

சுவிஸில், வில் நிலையத்தில் ரயில் ஏறிய தாயும் மகளும் எனக்கு எதிரே இருந்தார்கள். மகள் நீதிபதிப் பதவிக்கு நிற்கிறாள். மாநிலப் பாராளுமன்றக் குழு அன்று அவளை விசாரிக்க இருந்தது.

“கேட்டால், ஒரு கட்சியிலையும் இல்லையெண்டு சொல்லு.”

“அம்மா, என்னைப் பிரேரிச்சதே கட்சிதான். இங்கை கட்சியில்லாமல் நீதிபதியா வரேலாது.”

“பேர் பதிஞ்சிட்டியோ?”

“ஓம். இன்ரநெற்றிலை படத்தோடை கிடக்கு. நீங்களும் லைக் போட்டனீங்கள்.”

“ஐயோ, அதை எடுக்கச் சொல்லு பிள்ளை. ஊரிலை உன்ரை மாமாவை எந்தக் கட்சியெண்டு கேட்டுத்தான் கூட்டிக்கொண்டு போனவங்கள்.”

“இவை கேள்வி மட்டுந்தான் கேட்பினம்.”

“அவங்களும் முதல்லை கேள்விதான் கேட்டவங்கள்.”

தாய் அப்போதுதான் என்னைக் கவனித்தாள். “மெல்லக் கதை. அவ தமிழ்போலை கிடக்கு.”

நான் தமிழ் தெரியாதவள்போல ஜன்னல் பக்கம் திரும்பினேன். போன கிழமைதான் என் மகனும் ஒரு கட்சியில் சேர்ந்தான்.