இரண்டு பேர் தூக்கும் மேஜை

கேத்தரின், மரம் இழைக்கும் மெஷின் வாங்கும்போது மட்டும் அவசரப்படக் கூடாது. நான் நாலு மாதம் யோசித்தேன்.

பலகையின் முகத்தைச் சமன் செய்ய ஒன்று, கனத்தைச் சீராக்க இன்னொன்று என்று இரண்டு மெஷினாக வாங்கியிருக்கலாம். கே.கே. நகர் வீட்டுக் கார் ஷெட்டில் இடமும் இருந்தது. காரை விற்றாயிற்று, போவதற்குத்தான் இடமில்லையே. இரண்டு வேலையும் செய்யும் ஒற்றை மெஷினை நான் தடவிப் பார்த்தபோது கடைக்காரர் நல்ல மனதோடு எச்சரித்தார். "தனி ஆளுக்கு இது சரிப்படாதுங்க சார். வேலை மாத்துறப்பல்லாம் இந்த இரும்பு மேஜையைத் தூக்கணும். இன்னொருத்தர் வேணும்."

அதையே வாங்கினேன்.

அன்றே உன் அப்பாவுக்குப் போன் போட்டேன். "அமிர்தராஜ், நீங்க இல்லாம முடியாதுங்க." என்னோடு ஃபேக்டரியில் இருபது வருடம் வேலை பார்த்த மனிதர், மறுநாளே ஊரின் மறுகோடியிலிருக்கும் திருவானைக்காவலிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். என் மனைவி யமுனா இறந்த பிறகு வீட்டில் இரண்டாவது டம்ளர் காபி கலந்தது அன்றுதான். மூன்று வருடம், ஞாயிறு தவிர தினமும் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளை நான் வெறுத்தேன்.

மேஜையை இறக்கியதும் கத்தியை மூடும் தகட்டைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. பலகை கத்தியைக் கடந்ததும் ஒரு ஸ்பிரிங் அந்தத் தகட்டை இழுத்து மூடும். நான் "பார்த்துட்டேன்" என்றால் போதும். "நீங்க பார்த்தா நான் பார்த்த மாதிரிதாங்க நவநீதன்" என்பார். என்னை அப்படி நம்பியவர் வேறு யாருமில்லை.

உன் குழந்தைக்குக் கட்டில் செய்ய ஆரம்பித்தபோது எனக்கும் சந்தோஷம்தான். அது முடிந்ததும் பெங்களூரில் உங்களோடேயே தங்கிவிடப் போவதாக அவர் சொன்னது கடைசி வாரம். "பேத்தியோட இருக்கலாம்ல. நீங்களும் ஒருவாட்டி வாங்க" என்றார்.

ஒருவாட்டி.

ஒரு பலகைதான் பாக்கி. மேஜையை இறக்கினோம். அவர் முகம் துடைத்துக்கொண்டிருந்தபோது ஸ்பிரிங்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "பார்த்துட்டேன்" என்றேன்.

சின்ன வெட்டு, ஒரு மாதக் கட்டு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். மூன்று விரல் போகும் என்று நினைக்கவில்லை. ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம், "என் கவனக்குறைவுங்க, நீங்க மனசு கஷ்டப்படாதீங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஆறு மாதம் ஊரைவிட்டு நகர வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் நீ அழுதாய். எனக்கு ரொம்ப நாள் கழித்து நன்றாகப் பசித்தது.

ஸ்பிரிங் எப்படிக் கழன்றது என்று நேற்று கேட்டாயே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போலீசிடம் கொடுப்பது உன் இஷ்டம். ஆனால் கோபம் தணிந்ததும் யோசித்துப் பாரம்மா. அத்தனை பேர் இருக்கும் வீட்டில் நான் இல்லாமல் அவர் தனியாகத் தவித்துப்போவாரே என்றுதான் செய்தேன்.